கிளச் மாற்ற முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(மாதாந்த ஆலோசனைக் கூட்டத்தில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய பேச்சு. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



வழமையாக இந்தக் கூட்டத்தில் வேலை அனுமதிப் பத்திரம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு பிக்கப் வாகனத்தின் கிளச் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு தம்பிமார் சிரித்தது எனக்கும் கேட்டது. சிரியுங்கோ, பரவாயில்லை. ஆனால் போன பனிக்காலத்தில் பழைய டீசல் பிக்கப் வாங்கி, கிளச்சில் காசைத் தொலைத்த மூன்று பேர் என் மேசைக்கு வந்தார்கள். மூவரும் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள். நாலாவது ஆள் இந்த மண்டபத்தில் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் மெக்கானிக் இல்லை. ஊரில் பௌதிகம் படிப்பித்த ரீச்சர். எங்களுக்கு உதவி செய்யும் மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். கராஜ்களுக்கு மொழிபெயர்க்கப் போய் நான் பார்த்ததையும், அவர் சொல்லித் தந்ததையும், பழைய பௌதிகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு தம்பியின் கதை

பெயர் சொல்லவில்லை. அகதிக் கோரிக்கை கொடுத்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, வேலை அனுமதி கிடைத்த ஒரு தம்பி. பகலில் பண்டகசாலையில் வேலை. கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில் இரவில் பனி தள்ளினால் நல்ல காசு என்று ஒருவர் சொல்ல, சீட்டுக் காசை எடுத்து 2006ஆம் ஆண்டு டொட்ஜ் ராம் ஒன்றைத் தனியாள் ஒருவரிடம் வாங்கினார். 5.9 லீற்றர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். கையால் மாற்றும் ஆறு கியர். "எஞ்சினைக் கொஞ்சம் பலமாக்கி வைச்சிருக்கிறன்" என்று விற்றவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. எதை மாற்றினார், எவ்வளவு மாற்றினார் என்று கேட்கவில்லை.

முதல் பெரிய பனி விழுந்த கிழமை எஞ்சின் இரைகிறது, வாகனம் நகரவில்லை. எரிந்த மணம். கிளச் வழுக்குகிறது. கராஜில் "இந்த எஞ்சினுக்குச் சாதாரண கிளச் நிற்காது, இருக்கிறதிலேயே பலமானதைப் போடுவோம்" என்றார்கள். தம்பி தலையாட்டினார். கராஜ் எடுத்துப் போட்டது போட்டிக்கு ஓடும் வாகனங்களுக்கான, முழுக்கச் செராமிக் கட்டிகள் பதித்த கிளச். பில்லும் முதலில் சொன்னதை விடக் கூட வந்தது. காசு முழுக்கக் கட்டினால்தான் வாகனம் என்று வைத்துக்கொண்டார்கள். கடன் வாங்கிக் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். பனி தள்ளும் வேலையில் ஒரு இரவுக்கு எத்தனை நூறு தடவை முன்னுக்கும் பின்னுக்கும் போக வேண்டும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வாகனம் குலுங்கிப் பாய்ந்தது. பெடல் கல்லுப்போல இருந்தது. மூன்றாம் கிழமை இடது முழங்கால் வீங்கி, வேலைக்குப் போக முடியாமல், ஒப்பந்தம் கைவிட்டுப் போனது.

பில்லைக் கொண்டு என்னிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி கிளச் பற்றியது இல்லை. "ரீச்சர், நான் இதைப் பெரிசாக் கதைச்சா என்ர கேசுக்கு ஏதும் பாதிப்பு வருமோ?" என்றுதான் கேட்டார்.

இதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கிளச்சுக்கு வருவோம்.

கிளச் என்ன செய்கிறது?

உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துங்கோ. ஒரு கையைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒன்று திரும்ப மற்றது நிற்கும். கிளச் இவ்வளவுதான். எஞ்சினோடு சுற்றும் பாரமான சில்லு பிளைவீல். கியர்பொக்ஸோடு சுற்றுவது கிளச் பிளேற். அந்தப் பிளேற்றைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது பிறெசர் பிளேற். பெடலை மிதித்தால் பிடி விடும்.

கிளச் தாங்க வேண்டியது எஞ்சினின் முறுக்குவிசையை. கராஜில் 'ரோர்க்' என்பார்கள். குதிரைவலு வேறு, முறுக்குவிசை வேறு. தம்பியின் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 325 குதிரைவலு, 610 இறாத்தல்-அடி முறுக்குவிசை. அந்த 610 வருவது நிமிடத்துக்கு 1,600 சுற்றில். அந்த நேரத்தில் குதிரைவலு எவ்வளவு? 610ஐ 1,600ஆல் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 186. அதாவது குதிரைவலு பாதியளவில் நிற்கும்போதே கிளச்சில் விழும் சுமை உச்சத்தில் இருக்கிறது. டீசலின் குணம் இது. ஆகவே "400 குதிரைவலு தாங்கும் கிளச்" என்று ஒருவர் விற்க வந்தால், "எத்தனை இறாத்தல்-அடி தாங்கும்?" என்று கேளுங்கோ. பதில் இல்லையென்றால் அந்தக் கிளச்சை வாங்காதேங்கோ.

பிடியைக் கூட்ட முக்கியமாக மூன்று வழி. ஒன்று, இன்னும் பலமாக அழுத்துவது. இரண்டு, சூட்டிலும் பிடி விடாத பொருளைப் பிளேற்றில் பதிப்பது. மூன்று, உராயும் பரப்புகளைக் கூட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும், காலும் பெடலை இயக்கும் எண்ணெய்க் குழாய்த் தொகுதியும் களைக்கும். கடினமான பொருளைப் போட்டால் மெதுவாகப் பிடிக்காது, வெடுக்கென்று பிடிக்கும். பரப்பைக் கூட்டினால் காசு கூடும்.

முதல் கேள்வி: எஞ்சினுக்கு என்ன செய்திருக்கிறது?

மின்சாரமும் பெற்றோலும் இல்லாத 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆக்கள் நாங்கள். இயந்திரத்தை மாற்றி அமைப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே ஓடுவதற்காக மாற்றினோம். இங்கே பலர் இழுவைப் போட்டிக்காகவும் வேகத்துக்காகவும் மாற்றிவிட்டு, அலுத்ததும் விற்றுவிடுகிறார்கள்.

டீசல் எஞ்சினில் ஒரு சின்னக் கருவியைச் செருகிக் கணினியின் கணக்கை மாற்றினாலே முறுக்குவிசை நூறு, இருநூறு இறாத்தல்-அடி கூடிவிடும். பெரிய டர்போ, பெரிய எரிபொருள் இன்ஜெக்டர் போட்டிருந்தால் இன்னும் கூடும். தொழிற்சாலையில் போட்ட கிளச் அதற்குச் செய்யப்பட்டதல்ல. இன்னொன்றையும் பாருங்கோ. 2007இன் நடுவில் 6.7 லீற்றர் எஞ்சின் வந்தபோது தானியங்கிக் கியருக்கு 650 இறாத்தல்-அடி கொடுத்த கொம்பனி, கையால் மாற்றும் கியருக்கு 610 மட்டுமே கொடுத்தது. செய்தவர்களே பார்த்துப் பார்த்துக் கொடுத்த இடம் இது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கூட்டலாமா?

ஆகவே விற்பவரிடம் கேளுங்கோ: கணினிக் கணக்கு மாற்றப்பட்டதா? டர்போ, இன்ஜெக்டர் மாற்றப்பட்டதா? கிளச் மாற்றப்பட்டதா, என்ன வகை, பில் இருக்கிறதா? வாங்கியாயிற்று என்றால் டீசல் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டி அறியுங்கோ. இது தெரியாமல் கிளச் தெரிவு செய்வது, பிள்ளையின் எடை தெரியாமல் மருந்து கொடுப்பது போல.

வழுக்குவது கிளச்தானா என்றும் பாருங்கோ. எஞ்சினின் பின்பக்கச் சீல் கசிந்து எண்ணெய் பிளேற்றில் பட்டாலும் வழுக்கும். அந்தச் சீலை மாற்றாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுக் கிளச் போட்டாலும் அதுவும் வழுக்கத்தான் செய்யும். கியர் விழக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வழுக்கவில்லை என்றால் பெடலின் எண்ணெய்த் தொகுதியில் பிழை இருக்கலாம். அது குறைந்த செலவு.

இரண்டாவது கேள்வி: வாகனம் என்ன வேலை செய்யப் போகிறது?

தம்பியிடம் யாரும் கேட்காத கேள்வி இதுதான். வகைகளைச் சொல்கிறேன்.

ஓர்கானிக் ஒற்றைப் பிளேற். தொழிற்சாலைக் கிளச்சின் குடும்பம், அதைவிட நல்ல பிறெசர் பிளேற்றோடு. மெதுவாகப் பிடிக்கும். நெரிசலில் ஓட, ட்ரெய்லரைப் பின்னுக்கு விட, பனி தள்ள இதுதான் சுகம். எஞ்சின் தொழிற்சாலை நிலையிலோ அதற்குச் சற்று மேலேயோ இருந்தால் இது போதும். ஆனால் அளவுக்கு மிஞ்சிய சூட்டைத் தாங்காது.

ஒரு பக்கம் ஓர்கானிக், மறுபக்கம் செராமிக் கலந்தது. நடுத்தரம். கொஞ்சம் வெடுக்கென்று பிடிக்கும், பழகிவிடும். எஞ்சின் ஓரளவு பலமாக்கப்பட்டு, பாரமும் இழுக்கிறவர்களுக்கு ஏற்றது.

முழுச் செராமிக் ஒற்றைப் பிளேற். பிடி பலம், சூடு தாங்கும். ஆனால் பிடித்தால் பிடி, விட்டால் விடு. நடுவில் ஒன்றும் இல்லை. குலுக்கும். பிளைவீலையும் தேய்க்கும். 401 நெடுஞ்சாலை நெரிசலில் நின்று நின்று ஓடுகிறவருக்கும், இரவு முழுக்கப் பனி தள்ளுகிறவருக்கும் இது தண்டனை.

இரட்டைப் பிளேற். உராயும் பரப்பு இரண்டுக்குப் பதில் நாலு. அதனால் பெடலை அதிகம் கனக்க வைக்காமலே பெரிய முறுக்குவிசையைத் தாங்கும். பெடலை மிதித்து நிற்கும்போது கிலுகிலு என்று சத்தம் வரும். அது பிழை அல்ல, அதன் இயல்பு. விலைதான் பிரச்சினை. எஞ்சினை உண்மையாகவே மிகப் பலமாக்கியவர்களுக்குத்தான் இது தேவை.

இன்னொரு விடயம். தம்பியின் வாகனத்தில் வரும் ஆறு கியர்ப் பெட்டிக்கு, நடுவில் சுருள்வில்லுகள் கொண்ட இரட்டைப் பிளைவீல்தான் தொழிற்சாலையில் போட்டு வரும். எஞ்சினின் அதிர்வை அது விழுங்கும். கிளச் மாற்றும்போது பலர் அதை எடுத்துவிட்டு ஒற்றைத் திடப் பிளைவீல் போடுவார்கள். அது உறுதி, திரும்பவும் கடைந்து பாவிக்கலாம். ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பொக்ஸ் கிலுங்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள்.

பலமானதெல்லாம் நல்லதா?

வீட்டில் பியூஸ் எதற்கு இருக்கிறது? அது எரிந்து வீட்டைக் காப்பாற்றுவதற்கு. கிளச்சும் ஒருவகையில் அப்படித்தான். தாங்க முடியாத சுமை வந்தால் அது வழுக்கும். அந்த இடத்தில் வழுக்கவே வழுக்காத ஒன்றைப் போட்டால் சுமை அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். கியர்பொக்ஸின் தண்டு, பின் அச்சின் மூட்டுகள் எல்லாம் கிளச்சை விட விலை கூடியவை. ஆகவே கிளச்சின் தாங்குதிறன் எஞ்சினின் உண்மையான முறுக்குவிசைக்கு ஓரளவு மேலே இருக்க வேண்டும். இரண்டு மடங்கு மேலே இருக்கத் தேவையில்லை.

இன்னொரு வழியும் உண்டு. கராஜில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். எஞ்சினைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது. உங்களுக்கு வேண்டியது பனி தள்ளுவதும் ட்ரெய்லர் இழுப்பதும் என்றால் தொழிற்சாலை கொடுத்த 610 தாராளம். கணினிக் கணக்கைத் திருப்பி வைப்பதற்கு ஆகும் செலவு, பெரிய கிளச்சுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

கராஜில் செய்ய வேண்டியவை

கிளச் மாற்றுவதில் பெரிய செலவு கூலி. கியர்பொக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினதோடு செய்யக்கூடியதெல்லாம் செய்துவிடுங்கோ: கிளச்சை விடுவிக்கும் பெயரிங், பிளைவீல் நடுவிலிருக்கும் பைலட் பெயரிங், பின்பக்கச் சீல் பரிசோதனை, பிளைவீலைக் கடைதல் அல்லது மாற்றுதல். பலமான பிறெசர் பிளேற் போட்டால் பெடலின் எண்ணெய்த் தொகுதி அதற்குப் போதுமா என்றும் கேளுங்கோ.

வீட்டு முற்றத்தில் தாங்களே செய்ய நினைக்கும் தம்பிமாருக்கு: அந்தக் கியர்பொக்ஸ் நூறு கிலோவுக்கு மேல். சரியான ஜக் இல்லாமல் கீழே படுக்காதேங்கோ. கிளச் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். கல்நார் கொண்ட பொருட்களைக் கனடா 2018 இறுதியில்தான் தடை செய்தது. பழைய பிளேற்றில் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி உரிமைகள். ஒன்ராறியோச் சட்டப்படி:

• திருத்த வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசி பில் அதை விட 10 வீதத்துக்கு மேல் கூடக் கூடாது.
• கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லலாம்.
• புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்தி வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.
• காசு கட்டும்வரை கராஜ் வாகனத்தை வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பில் பிழையென்று நினைத்தால், பிணக்கில் உள்ள தொகையை நீதிமன்றத்தில் கட்டி வாகனத்தை மீட்கும் வழியும் இருக்கிறது. அப்படி வந்தால் எங்களிடம் வாருங்கோ.

மதிப்பீட்டுக் கடதாசியில் "கிளச்" என்று மட்டும் எழுத விடாதேங்கோ. என்ன வகை, எத்தனை பிளேற், எவ்வளவு முறுக்குவிசை தாங்கும், வாகனம் என்ன வேலைக்கு என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கோ. ஆங்கிலம் விளங்காவிட்டால் கையெழுத்து வைக்க முன் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ.

புதுக் கிளச்சைப் பழக்குதல்

புதிதாகப் போட்டதும் ட்ரெய்லரைக் கொழுவாதேங்கோ. முதல் 800 கிலோமீற்றர் வரை சுமையில்லாமல், நகரத்தில் கியர் மாற்றி மாற்றி ஓட்டிப் பழக்க வேண்டும். விற்பவர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கோ. நல்ல கிளச்சும் முதல் கிழமையில் சூடேறினால் மேற்பரப்புக் கண்ணாடிபோல் ஆகிப் பிடியை இழந்துவிடும்.

பாரத்தோடு எப்போதும் முதலாம் கியரில் கிளம்புங்கோ. ஏற்றத்தில் கிளச்சைப் பாதி மிதித்து நிற்காதேங்கோ, பிரேக்கில் நில்லுங்கோ. பனியில் பின்னுக்குப் போக நான்கு சில்லின் தாழ்ந்த கியரைப் பாவித்தால் கிளச்சுக்குச் சுமை குறையும். காய்ந்த தார் றோட்டில், வளைவில் அதைப் பாவிக்க வேண்டாம்.

சட்டமும் காப்புறுதியும்

வாகனம் வாங்கும்போது விற்பவர் ஒன்ராறியோ அரசின் பழைய வாகனத் தகவல் தொகுதியைத் தர வேண்டும். அதில் வாகனத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று தெரியும். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள் செல்லும், ஆனால் அது உத்தரவாதம் அல்ல.

2007 நடுப்பகுதிக்குப் பிந்திய 6.7 எஞ்சின் என்றால், புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி கழற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கோ. கழற்றி ஓடுவது சட்டவிரோதம். பிடிபடுவது விற்றவர் அல்ல, நீங்கள்.

எஞ்சின் மாற்றங்களையும், பனி தள்ளும் தொழில் செய்வதையும் காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லுங்கோ. சொல்லாமல் விட்டால் விபத்து நடக்கும் நாளில் கைவிரிக்க இடம் கொடுக்கிறீர்கள். காப்புறுதியே இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் முதல் தடவையிலேயே குறைந்தது 5,000 டொலர் தண்டம். ட்ரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டினால் சாதாரண G லைசென்ஸ் போதாது.

தம்பியின் கேள்விக்குப் பதில்

"என்ர கேசுக்குப் பாதிப்பு வருமோ?"

வராது. உங்கள் அகதிக் கோரிக்கையை விசாரிப்பவர்கள் பார்ப்பது ஊரில் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதை. கராஜில் மதிப்பீடு கேட்டதையோ, கூட எடுத்த காசைத் திருப்பிக் கேட்டதையோ அல்ல. கேள்வி கேட்டால் அடி விழும் இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் விமானத்தில் எங்களோடேயே ஏறி வந்துவிட்டது. ஆனால் இங்கே, காசு கொடுக்கிறவர் கேள்வி கேட்பது குற்றமில்லை.

தம்பியின் வாகனத்துக்குள்ளேயே எழுத்து மதிப்பீடு ஒன்று மடித்துக் கிடந்தது. அவர் அதை வாசித்ததே இல்லை. 10 வீதத்துக்கு மேல் எடுத்த காசை எழுத்தில் கேட்டோம். இரண்டு கடிதத்துக்குப் பிறகு கராஜ் அதைத் திருப்பிக் கொடுத்தது. கிளச் காசு திரும்பி வரவில்லை. அந்தக் கிளச்சின் பெயர் கடதாசியில் இருந்தது, கீழே தம்பியின் கையெழுத்தும் இருந்தது.

பிறகு மெக்கானிக் அண்ணை எஞ்சினைப் பழைய கணக்குக்குத் திருப்பி வைத்து, நல்ல ஓர்கானிக் ஒற்றைப் பிளேற் போட்டார். இந்தப் பனிக்காலம் தம்பி திரும்பவும் வேலை எடுத்திருக்கிறார். முழங்காலும் பரவாயில்லை. சீட்டுக் காசு மட்டும் இன்னும் கட்டி முடியவில்லை.

வாகனம் வாங்குவதற்கு முதல் நாள் ஒருக்கால் எங்களிடம் வந்து போங்கோ. வாங்கின பிறகு வருவதை விட அது எல்லோருக்கும் லேசு.